ஏழாவது வழியனுப்பு

வாலிகண்டபுரத்தில் அரியமுத்துவுக்கு நடந்த வழியனுப்பு விழாவில் அழாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அரியமுத்து. இன்னொருத்தி தனம். அரியமுத்து ஏன் அழவில்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தனம் ஏன் அழவில்லை என்பது ஊருக்கே தெரியும். அவள் அதை வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெட்டுற கரும்ப வுட்டுட்டு, ஊர வுட்டுப் போறவருக்கு மேளம் அடிக்கிறாங்க. அடிக்கட்டும். நல்லா அடிக்கட்டும்."

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருடம், தை இருபத்தொன்பது. விழாவை நடத்தியவன் தனத்தின் வீட்டுக்காரன் கண்ணையன். நாற்பத்தொரு வயது. ஒன்றரை ஏக்கர் கரும்பு, ஒரு கிணறு, இரண்டு மாடு, ஒரு அரியமுத்து. இவ்வளவுதான் அவன் சொத்து. இதில் கடைசிச் சொத்தின் மேல் இருந்த பிடிப்பு மற்றவற்றின் மேல் இருந்ததில்லை என்பது தனத்தின் கட்சி.

அரியமுத்து கபடி ஆடுகிறவர். ஆண்டிமடத்துப் பக்கம். எண்பத்தைந்தில் எறையூரில் நடந்த போட்டியில் பாடிப் போனவரை எதிராளிகள் ஏழு பேரும் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். மேலே ஏழு பேர் கிடக்க, பாட்டை விடாமல், கபடி கபடி என்று மண்ணைத் தின்றபடி ஒரு முழம் ஊர்ந்து வந்து நடுவிரலால் கோட்டைத் தொட்டார். நகம் பெயர்ந்து கோட்டின் மேலேயே கிடந்தது. கூட்டம் அரியமுத்துவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இருபத்துநாலு வயதுக் கண்ணையன் குனிந்து தேடி அந்த நகத்தை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்தான். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் தனம் தீக்குச்சி என்று திறந்து பார்த்துவிட்டு, பெட்டியோடு அடுப்பில் போட்டாள். அவர்கள் வீட்டில் நடந்த முதல் சண்டை அது. இப்போது நடப்பதும் அதே சண்டைதான். நடுவில் பதினாறு வருடம் போயிருக்கிறது.

அரியமுத்துவுக்கு ஐம்பதை நெருங்கிவிட்டது. வலது முழங்காலில் எலும்பு தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆளும் ஒரு தூணும் வேண்டும். அவர் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேரப் போகிறார் என்று மார்கழியில் சேதி வந்தது. கண்ணையன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும் சேர்த்து மறுநாள் காலையில் சாப்பிட்டான்.

"அவர அப்புடியே பஸ்ஸு ஏத்தி அனுப்பிட்டா நாம மனுசனே இல்ல தனம். ஒரு மாலை, ஒரு மைக்கு. நம்ம ஊர்ல கடைசியா ஒரு ஆட்டம்."

"செய்யுங்க. யாரு வேணாமுன்னா? கரும்பு வெட்டி அனுப்பிட்டுச் செய்யுங்க."

கரும்பு வைத்தவனுக்குக் குலதெய்வம் எதுவாக இருந்தாலும் கட்டளை வருவது ஆலையிலிருந்துதான். அதற்குக் கட்டிங் ஆர்டர் என்று பெயர். இன்ன தேதியில் வெட்டி ஏற்று என்று ஃபீல்டுமேன் திருமுருகன் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த மூன்று நாளில் வெட்டினால் கரும்பு. விட்டால் கொல்லையில் நிற்கும் வெறும் தட்டை. கண்ணையனுக்கு வந்த ஆர்டரில் தை இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது என்று போட்டிருந்தது.

வெட்டுவதற்கு ஆள் பிரச்சினை இல்லை. தனத்தின் தம்பி ராசாங்கம்தான் வெட்டாட்களுக்கு மேஸ்திரி. ஆண்டிமடத்துப் பக்கத்திலிருந்து பதினெட்டுப் பேரைக் கூட்டிவந்து, ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்தான். பகலில் கரும்பு வெட்டுவார்கள், சாயங்காலம் அதே கையோடு கபடி ஆடுவார்கள். பதினெட்டுப் பேரில் பத்துப் பேர் ஆட்டக்காரர்கள். மீதி எட்டுப் பேர் அவர்களுக்காகச் சண்டை போடுகிறவர்கள்.

கண்ணையன் கடைத்தெருப் பூத்திலிருந்து அரியமுத்து ஊருக்குப் போன் போட்டு, ஆள் விட்டுக் கூப்பிடச் சொல்லிப் பேசினான்.

"அண்ணே, மாசி பொறந்து வச்சுக்கலாமாண்ணே?"

"முடியாது கண்ணையா. தை இருபத்தொம்பத வுட்டா எனக்கு வேற நாளே கெடையாது. அதுக்கப்புறம் நான் இந்தச் சீமையிலேயே இருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு கண்ணையன் செய்ததை அந்தப் பக்கத்தில் கரும்பு வைத்த வேறு யாரும் செய்ததில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் பூமாலையிடம் போய் ஆர்டரை மாற்றிக்கொண்டான். பூமாலைக்கு மாசி பதினெட்டில் ஆர்டர். திருமுருகன் தாளில் பேரை அடித்து எழுதிக் கொடுத்தார்.

"யோசிச்சுக்கங்க கண்ணையன். மாசியில வெயிலு கெளம்பிடும். உங்க கெணத்துல தண்ணி எம்மாம் கெடக்கு?"

"பூமி கைவிடாதுங்க சார்."

திருமுருகன் கிணற்றை எட்டிப் பார்த்தார். கிணற்றில் திருமுருகனின் தலை தெரிந்தது, ரொம்ப ஆழத்தில், ரொம்பச் சின்னதாக. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பூமாலை வேறு ஆள் வைத்து மூன்று நாளும் வெட்டினார். ராசாங்கத்தின் ஆட்களுக்கு இருபத்தொன்பதாம் தேதி லீவு. அன்றைக்குத்தான் விழா.

விழா நன்றாகத்தான் நடந்தது. துணி பேனரில் ஓவியர் வரைந்த கபடி வீரர் நீச்சலடிப்பவர் மாதிரி இருந்தார் என்பதைத் தவிர குறையில்லை. அரியலூர் தனி மாவட்டமாகி ஒரு வருடம் ஆகியிருந்ததால் மைக்கில் பேசியவர் அரியமுத்துவை 'அண்டை மாவட்டத்தின் ஒப்பற்ற வீரர்' என்றார். வருடக்கணக்கில் இதே மண்ணில் ஆடிய மனிதர் அப்படியொரு அரசாணையால் அசலூர்க்காரர் ஆனார்.

கடைசியாக அவர் ஒரு பாட்டுப் பாடிப் போனார். எதிரில் ராசாங்கத்தின் ஆட்கள். வலது காலை இழுத்துக்கொண்டு கபடி கபடி என்று அரியமுத்து நகர, அறிவழகன் என்ற இளவட்டம், அவர் கை நீள்வதற்கு முன்பே துடித்து விழுந்தான். விழுந்த பிறகுதான் கை நீண்டது. கூட்டம் அலறியது. கண்ணையனுக்கு அது கண்ணில் பட்டது. ஆனால் கண் அப்போது நிறைந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டான்.

பரிசாக ஒரு பெட்டி கொடுத்தான். பெரம்பலூரில் வாங்கிய கறுப்பு சூட்கேஸ். மூடியில் வெள்ளை பெயிண்டில் எழுத வைத்திருந்தான்: அரியமுத்து, திருப்பூர்.

"போற எடத்துல நம்ம ஞாபகமா இருக்கட்டும்ணே."

அரியமுத்து பெட்டியை வாங்கித் தடவிப் பார்த்தார். பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். "நல்ல பெட்டிடா கண்ணையா. ரொம்ப நாளைக்கு உழைக்கும்" என்றார்.

மாசி பிறந்த ஐந்தாம் நாள் கண்ணையன் கிணற்றில் மோட்டார் காற்றை இறைத்தது. வாய்க்காலில் தண்ணீருக்குப் பதில் தவளை ஒன்று வந்தது. அதுவும் திரும்பிப் போய்விட்டது. பத்தாம் நாள் கரும்பின் சோகை இலை, கையில் எடுத்தால் அப்பளமாக நொறுங்கியது. காற்றடித்தால் கொல்லை முழுக்கக் காகிதத்தைக் கசக்குகிற சத்தம். யாராவது பீடியோடு வரப்பில் நடந்தால் தனம் அரை மைல் தூரத்திலிருந்து கத்தினாள். கரும்பு நுனிக் கொழுந்தாடையை அறுத்துப் போட்டால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

பூமாலையின் கொல்லை வெட்டி முடிந்து, கட்டையில் மறுதாம்பு பச்சையாகத் துளிர்த்திருந்தது. அதைப் பார்க்காமல் தன் கொல்லைக்குப் போக வழி இல்லை. தனம் தினமும் பார்த்தாள்.

"பூமாலை வூட்டுக்காரி நேத்து நம்மள கும்புட்டாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்கள மாதிரி ஒரு ஆளு பக்கத்துக் கொல்லையில இருக்குறதுக்கு."

மாசிமகத்துக்கு ராசாங்கத்தின் ஆட்கள் ஊருக்குப் போனார்கள். மகம் முடிந்து பதினேழாம் தேதி வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். குடிசைகளில் அரிவாளைச் செருகி வைத்துவிட்டுப் போனதால் கண்ணையன் நம்பினான். பதினேழாம் தேதி யாரும் வரவில்லை. பதினெட்டாம் தேதி காலையில் திருமுருகன் வந்தார்.

"இன்னும் ரெண்டு நாளுங்க கண்ணையன். இருபதோட உங்க ஆர்டர் முடியுது. அப்புறம் பங்குனி கடைசியிலதான். அது வரைக்கும் இது நிக்காது. நான் சொல்ல வேண்டியதில்ல."

தனம் கம்பங்கூழைக் கரைத்து ஊற்றி, தொட்டுக்கொள்ள வெங்காயத்தை வைத்தாள். வைத்த வேகத்தில் வெங்காயம் உருண்டு வாசலைத் தாண்டிப் போனது.

"குடிச்சுட்டுக் கெளம்புங்க. என் தம்பிய கையோட கூட்டிட்டு வாங்க. அவன் வல்லேன்னா நீங்களும் வராதீங்க. ஒரு வருசம் தண்ணி கட்டியிருக்கேன் அதுக்கு. கரண்டு வந்தப்பல்லாம் எழுந்திரிச்சுப் போயிக் கட்டியிருக்கேன். உங்க அண்ணன் ஒரு நாளு வந்து மடை திருப்புனாரா?"

கண்ணையன் கூழைக் குடித்தான்.

வாலிகண்டபுரத்திலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம், ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம். அரியலூரைத் தாண்டும்வரை சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் புழுதியில் பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே வயதாக இருந்தது. ஜெயங்கொண்டம் தாண்டி முந்திரித் தோப்புகள் வந்த பிறகுதான் யார் கிழவர், யார் குமரர் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆண்டிமடத்தில் இறங்கியபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது.

ராசாங்கத்தின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தெருவில் அரியமுத்துவின் வீடு. அவர்தான் திருப்பூரில் இருக்கிறாரே, அண்ணியையாவது பார்த்து ராசாங்கம் எங்கே என்று கேட்போம் என்று போனான்.

அரியமுத்துவின் மனைவி பொன்னுத்தாய் கொட்டகையில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து ஒரு தட்டு; பருப்பு ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க தம்பி. நீங்க எந்த ஊரு?"

"வாலிகண்டபுரம் அண்ணி. கண்ணையன்."

"ஓ, பெட்டி குடுத்த ஊரா."

"ஆமாங்க. அண்ணங்கிட்டேருந்து ஏதாச்சும் சேதி வந்துச்சுங்களா? திருப்பூர்ல எப்புடி இருக்காரு?"

பொன்னுத்தாய் இரண்டு கொட்டையை உடைத்த பிறகு பேசினாள்.

"அது தெனந்தான் திருப்பூர் போவுது. காலையில பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பும். பொழுது சாய ஒரு துண்டோட வந்துடும்."

கண்ணையனுக்குப் புரியவில்லை. கொட்டகையின் மூங்கிலில் வரிசையாகத் தொங்கியதைப் பார்த்தான். பொன்னாடைகள். பச்சை, ரோஸ், மஞ்சள். பொன்னாடை என்று பெயர்தானே தவிர ஒரு தண்ணியில் நனைத்தால் கையோடு வந்துவிடும் ரகம். பச்சை அவன் போட்டது. அதில் பொன்னுத்தாய் முந்திரி ஓட்டை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"இன்னிக்கு ஏழாவது" என்றாள். "இங்கயே பள்ளிக்கூடத்து மைதானத்துல. உங்க ஊரு மூணாவது. நாளைக்கு உடையார்பாளையம் பக்கம் யாரோ கேட்டிருக்காங்களாம்."

"நெசமாவே திருப்பூர் போறது..."

"வேலையெல்லாம் இருக்கு தம்பி. எங்க அண்ணன் அங்க கம்பெனியில இருக்காரு. மார்கழியிலேருந்து எடம் புடிச்சு வச்சுக்கிட்டு வாடா வாடாங்குறாரு. இதுதான் எந்திரிக்க மாட்டேங்குது." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மாடத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். நாலாக மடித்த நோட்டுத் தாள். "இந்தா, அண்ணன் எழுதி அனுப்புன வெலாசம். மூணு மாசமா கெடக்கு. நான் குடுத்தா அந்தாண்ட வச்சிடுது. நீங்க குடுத்தா வாங்கும். உங்கள மாதிரி ஆளுங்க குடுத்தா எதையும் வாங்கும். சட்டப் பையில வையி தம்பி, தொலச்சிடாத."

கண்ணையன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"போவட்டும் தம்பி" என்றாள் பொன்னுத்தாய், மறுபடி கல்லின் முன் உட்கார்ந்து. "போனா ரெண்டு பேரு சாப்புடலாம். இருந்தா ஒருத்தி உடைச்சு ரெண்டு பேரு சாப்புடணும்."

பள்ளிக்கூட மைதானத்தில் மூங்கில் பந்தல். துணி பேனர். இந்த ஊர் ஓவியர் வரைந்த கபடி வீரர் நமாஸ் செய்பவர் மாதிரி இருந்தார். கோடு போட்டு, கோட்டுக்குச் சுண்ணாம்பு தூவி, ஒரு மூலையில் மூன்று அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் டவுசரோடு கையைக் காலை உதறிக்கொண்டிருந்தவர்களைக் கண்ணையனுக்குத் தெரியும். பதினெட்டுப் பேரும் அங்கேயே இருந்தார்கள்.

"வாங்க மாமா!" என்று ராசாங்கம் ஓடி வந்தான். "அக்கா வல்லியா?"

"ஏன்டா, நேத்தே வரேன்னீல்ல? நாளன்னியோட ஆர்டர் முடியுதுடா. கொல்லையில போயி நின்னு பாரு, வயித்தெரிச்சலா இருக்கு."

"தெரியும் மாமா. ஆனா அண்ணனுக்கு வழியனுப்பு நடக்குதுல்ல. எதுத்து ஆட ஒரு டீமு வேணுமில்ல? இன்னிக்கு இங்க, நாளைக்கு உடையார்பாளையம், நாளன்னிக்கு ஒரு ஊரு. வெள்ளிக்கெழம கண்டிப்பா வந்துடுறோம்."

"வெள்ளிக்கெழம வந்து அடுப்புக்கா வெட்டப் போறீங்க?"

ராசாங்கம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். "மாமா, கரும்பு அடுத்த வருசமும் வெட்டலாம். அண்ணன அப்புடியே பஸ்ஸு ஏத்தி அனுப்பிட்டா நாம மனுசனே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

அறிவழகன் பக்கத்தில் வந்து நின்று தன் பங்கைச் சொன்னான். "கறிச்சோறு போடுறாங்க மாமா. ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு பக்குவம். கரும்பு வெட்டுனா கையில அறுப்புதான்."

"நீ விழுறது கொஞ்சம் தாமதமா விழுடா" என்றான் கண்ணையன். "தொட்ட பெறவு விழு."

"பழகிடுச்சு மாமா."

அரியமுத்து பந்தலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நாற்காலியில் இருந்தார். முழங்காலில் யாரோ தைலம் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் கறுப்புப் பெட்டி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தது. கண்ணையனைப் பார்த்ததும் ஒரு வினாடி முகம் கோணியது. அப்புறம் நேரானது.

"வா கண்ணையா. நீ வருவேன்னு எதிர்பாக்கல."

"நானுந்தாண்ணே."

"உக்காரு."

"உக்கார வரலண்ணே. தை இருபத்தொம்பத வுட்டா வேற நாளே இல்லன்னீங்களே?"

"இல்லதாண்டா. இருபத்தெட்டு செந்துறையில. முப்பது தா.பழூர்ல. நடுவுல அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அதை அவர் சொன்ன விதத்தில் பொய்யே இல்லை. கண்ணையனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. 

"என் ஆர்டர மாத்திக் குடுத்துட்டுச் செஞ்சேண்ணே. கரும்பு நட்ட மேனிக்கிக் காயுது."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நீங்க தேதி மாத்தியிருப்பீங்களா?"

அரியமுத்து யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் யோசித்த பிறகு, "மாட்டேன்" என்றார்.

அரியமுத்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கண்ணையா, என்னைய கடைசியா ஆடக் கூப்புட்டது எந்த வருசம் தெரியுமா? தொண்ணூத்தேழு. அதுக்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் நானே போயி கோட்டோரம் உக்காந்துக்குவேன். போன வருசம் மைக்குல சொல்றான், 'பெரியவரே, கோட்ட மறைக்காதீங்க, தள்ளி உக்காருங்க'ன்னு. என் பேரு தெரியல அவனுக்கு. சரி, இந்த ஊர வுட்டே போயிடுவோமுன்னு மார்கழியில ஒரு டீக்கடையில சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன். மறுநாளே மாலையோட வந்துட்டானுவ. இருக்கேன்னு சொன்னப்ப ஒரு டீக்கு ஆளில்ல, போறேன்னதும் கெடா வெட்டுறானுவ. நான் என்னடா பண்ணட்டும்?"

"போவ வேண்டியதுதான்."

"போயிட்டா?"

"என்ன போயிட்டா?"

"போயிட்டா யாருடா கூப்புடுவா?"

கண்ணையன் ஏதாவது செய்ய வேண்டும் என்று பெட்டியைத் தூக்கினான். கனமாக இருக்கும் என்று தோளில் பலம் வைத்துத் தூக்கியதால் பெட்டி தலைக்கு மேலே வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை. வாங்கிய அன்றைக்குக் கடைக்காரர் திணித்திருந்த செய்தித்தாள் மட்டும் சரசரத்தது, காய்ந்த சோகையைப் போல.

அப்போதுதான் மைக்கில் அவன் பேரைச் சொன்னார்கள். "வாலிகண்டபுரத்திலிருந்து வருகை தந்திருக்கும், ஒப்பற்ற வீரரின் முதல் ரசிகர், திரு. கண்ணையன் அவர்கள் பொன்னாடை போர்த்தி, ஓரிரு வார்த்தைகள் பேசும்படி..." ராசாங்கத்தின் வேலை. மாமாவைச் சமாதானப்படுத்த அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

கண்ணையன் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் அரியமுத்துவுமாக மேடை ஏறினான். ரோஸ் கலர் பொன்னாடையைப் போர்த்தினான். கூட்டம் கை தட்டியது. மைக்கைப் பிடித்தபோது என்ன பேசப்போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

"எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் திருப்பூர் போறாரு. நம்மளுக்காகத்தான் இத்தன நாளா போவாம இருக்காரு. அவ்வளவு பாசம். இன்னும் நாம அவர நிறுத்தி வைக்கிறது நல்லால்ல. வேல காத்துக்கிட்டு இருக்கு. பெட்டியோட தயாரா வந்திருக்காரு, பாருங்க." பெட்டியை இரண்டு கையாலும், கனமான பெட்டியைத் தூக்குகிறவன் மாதிரி முக்கித் தூக்கிக் காட்டினான். "அஞ்சு மணிக்குத் திருச்சி பஸ்ஸு இருக்கு. திருச்சியில மாறுனா விடிய திருப்பூரு. இதுவரைக்கும் எந்த ஊரும் செய்யாதத நீங்க செய்யுங்க. வெறும் வாயால வழியனுப்பாதீங்க. மேளதாளத்தோட கூட்டிட்டுப் போயி, கையால பஸ்ஸு ஏத்தி வுடுங்க!"

இப்படி ஒரு யோசனை ஆறு ஊருக்கும் தோன்றவில்லையே என்கிற பெருமை கூட்டத்தின் முகத்தில் தெரிந்தது. மேளக்காரர் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார். அரியமுத்து மைக்கை வாங்க வந்தார். அதற்குள் நாலு பேர் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அறிவழகன் வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் விட்டு அழுதுகொண்டிருந்தான்.

மைதானத்திலிருந்து கடைத்தெருவுக்கு அரை பர்லாங்கு. தோளின் மேலிருந்து அரியமுத்து கண்ணையனைத் தேடுவது தெரிந்தது. எண்பத்தைந்தில் எறையூரில் இதே மாதிரி தோளில் போனவர் யாரையும் தேடவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு போனார். கண்ணையன் பெட்டியோடு பின்னால் நடந்தான்.

பஸ் நின்றது. டிரைவர் ஆரனை அடிக்க, கண்டக்டர் "யோவ், பொணமா மாப்புள்ளையா, சீக்கிரம் ஏத்துங்கய்யா" என்று கத்த, பின் வாசலில் அரியமுத்துவைக் காலை மடக்கிச் செருகினார்கள். முழங்கால் மடங்காமல் அவர் ஒரு சத்தம் போட்டார். மேளத்தில் அது கேட்கவில்லை. பெட்டி ஜன்னல் வழியாகப் போனது. யாரோ டிக்கெட்டுக்குக் கொடுத்தார்கள். யாரோ வாழைப்பழம் கொடுத்தார்கள்.

பஸ் நகர்ந்ததும் அரியமுத்து ஜன்னலில் தலையை நீட்டினார். கழுத்தில் மாலை, தோளில் ரோஸ் துண்டு. ஆட்டத்தில் மேலே ஏழு பேர் கிடந்தபோதுகூடக் கண்ணையன் அந்த முகத்தில் பார்க்காத ஒன்று இப்போது இருந்தது.

"கண்ணையா! டேய் கண்ணையா! திருப்பூர்ல எங்கடா எறங்குறது?"

கண்ணையனின் கை சட்டைப் பைக்குப் போனது. சீட்டு இருந்தது. நாலு எட்டு ஓடினால் ஜன்னல். ஓடிப்போய் நீட்டினால் கண்டக்டர் விசில் அடிப்பார், பஸ் நிற்கும். பஸ் நின்றால் அரியமுத்து இறங்கிவிடுவார்.

"மாமா" என்று ராசாங்கம் தோளில் கை வைத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "அண்ணன்தான் போயிட்டாரே, இனிமே இங்க எங்களுக்கு என்ன வேல? ராவோட ராவா கெளம்பி, காலையில உங்க கொல்லையில எறங்கிடுறோம்."

பஸ் முந்திரித் தோப்புப் பக்கம் திரும்பியது. கண்ணையனின் கை பையிலிருந்து இறங்கியது.

இரண்டு நாளில் கரும்பு வெட்டி முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஏற்றுகிற கட்டை ஒருத்தனே தூக்கி டிராக்டரில் எறிந்தான்.  தனம் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பக் கீழே வைத்தாள். "போனவருசம் இதத் தூக்க முடியாம இடுப்பு புடிச்சிக்கிட்டுச்சு" என்றாள், கரும்பிடம்.

"வெட்டியாவது அனுப்புனமே" என்றான் கண்ணையன்.

"ஆமா. அனுப்புறதுல உங்கள அடிச்சிக்க ஆளு கெடையாது."

இருபத்தோராம் தேதி பூமாலையின் கிணற்றடியில் தனம் துணி துவைத்தாள். கண்ணையன் மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். ஆண்டிமடம் போய்வந்த சட்டையைக் கல்லில் இரண்டு அடி அடித்தவள், பையில் ஏதோ தட்டுப்படுகிறதே என்று விரலை விட்டு எடுத்தாள். நாலாக மடித்த தாள் எட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. நீல மை சட்டைப் பையில் இறங்கியிருந்தது. தனம் ஐந்தாவது வரை படித்தவள். பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

"பழைய... பஸ் ஸ்டாண்டில்... இறங்கவும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. கலைஞ்சு கெடக்கு. யாருக்குங்க இது?"

வாளி கிணற்றில் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணையன் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"அண்ணனுக்கு."

தனம் அவனைப் பார்த்தாள். பதினாறு வருடமாகத் திட்டிய மனிதரின் பேரை ஒரு தடவைகூடச் சொல்லித் திட்டியதில்லை அவள். இப்போதும் சொல்லவில்லை. ஈரத் தாளைத் துவைக்கிற கல்லின் காய்ந்த ஓரத்தில் விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"அவரு பாட்டுக்கு எங்க எறங்குனாரோ" என்றாள். பிறகு, "காஞ்சதும் கொண்டு போயிக் குடுத்துட்டு வாங்க."

"எங்கன்னு கொண்டுபோயிக் குடுக்குறது?" என்றான் கண்ணையன்.

காற்று தாளின் ஓரத்தைத் தூக்கியது. தனம் அதன் மேல் ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த துணியை எடுத்தாள்.